இருபத்திரண்டு டிகிரி

பன்னிரண்டு நாற்பது. ஒன்று பத்து வரை கையை வைக்கக் கூடாது. நாற்றின் தண்டில் அரை அரிசி நீளத்துக்கு வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் கிடத்தி, மேலே மெல்லிய மூடியை வைத்ததும் செல்லுக்குள் ஓடிக்கொண்டிருப்பதெல்லாம் நின்றுவிடும். பயந்துருச்சு என்பார் என் வழிகாட்டி ஆளவந்தார் சார். செல்லுக்கு ஏது பயம், ஆனால் எனக்கும் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அரை மணி நேரம் சும்மா விட்டால் தெளிந்து மறுபடி ஓடும். அதனால் நானும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஆறு வருஷத்தில் நானூறு தகடு, நானூறு அரை மணி நேரம், இரவு பகல் சேர்த்தால் முழுசாக எட்டு நாளுக்கு மேல் வருகிறது. எட்டு நாள் இந்த இருட்டறையில் எதுவும் செய்யாமல் உட்கார்ந்ததற்கும் சேர்த்துத்தான் நாளைக்கு டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்கப் போகிறேன். கொடுக்கப் போகிறேனா இல்லையா என்பதுதான் இந்த அரை மணி நேரம். மைக்ராஸ்கோப் பக்கத்தில் ஈரப் பஞ்சு வைத்த டப்பா. டப்பாவுக்குள் இரண்டு தகடு. ஒன்று சாதாரணச் செடி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அதற்கு எங்கள் பாஷையில் கன்ட்ரோல். இன்னொன்று நாங்கள் மரபணுவில் கைவைத்து மாற்றியது. அதற்குப் பெரிய பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் லேபில் எல்லோரும் நம்மளது என்றுதான் சொல்கிறோம். எது எது என்று எனக்குத் தெரியாது. அட்டெண்டர் பவுன்ராஜ் அண்ணனைக் கூப்பிட்டு, நான் திரும்பி நிற்கும்போது பெயரின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, ஒன்றில் அ, ஒன்றில் ஆ என்று எழுதித் தரச் சொன்னேன். எது எதுவென்று அவர் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். எதுக்கு மேடம் இதெல்லாம் என்று கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் முப்பது வருஷம் இருந்தவருக்கு எங்கள் கிறுக்குத்தனங்கள் புதிதில்லை.

கதவு தட்டப்படுகிறது. தட்டிவிட்டுத் திறக்காமல் நிற்பவர் அவர் ஒருவர்தான். திறந்தேன். "மேடம், பன்னெண்டே முக்கால் ஆச்சு. ஏசிய நிறுத்தணும்." இன்னைக்கு வேண்டாண்ணே என்றேன். "வேண்டான்னா எப்படி? முக்கால்லருந்து மூணு வரைக்கும் அதுக்கு ரெஸ்ட். அன்னைக்கு கம்ப்ரஸர் புகைஞ்சு போனப்ப மெமோ வாங்குனவன் நானு." இன்னைக்கு ஒரு நாள்தானே என்றேன். "பத்து வருசமா நிறுத்துறேன் மேடம். ஒரு நாள் மறந்தது கிடையாது." ஒரு நாள்கூடவா அண்ணே என்று கேட்டேன், குரல் என்னை மீறிக் கெஞ்சியது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். "லீவு போட்டாக்கூட வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். என் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துலருந்து போன் பண்ணேன், ஏசிய நிறுத்தியாச்சான்னு." நான் பொறுப்பு, எழுதித் தரேன் என்று சொன்னதும் தலையைச் சொறிந்துகொண்டு போனார். வேலையில் இவ்வளவு ஒழுங்கான ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. பாழாய்ப்போன மனுஷன், ஒரு பத்து நாள், ஒரு ஐந்து நாளாவது மறந்து தொலைத்திருக்கக் கூடாதா.

தெர்மாமீட்டர் இருபத்திரண்டு காட்டுகிறது. இது செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்து மைக்ராஸ்கோப்பின் கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டது. இந்த அறையில் இதுவரை தெர்மாமீட்டரே கிடையாது. செடி வளர்கிற பெட்டியில் இருக்கிறது, புள்ளி வைத்துக் காட்டும், புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் மாறினாலும் பதறிக்கொண்டு ஓடுவோம். வளர்கிற வரைக்கும் ராஜ உபசாரம். வெட்டித் தகட்டில் வைத்த பிறகு அதற்குக் குளிருமா, சுடுமா என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நான் யோசிக்கவில்லை. யாரும் என்று சொல்லி அதில் ஒளிந்துகொள்வது சுலபமாக இருக்கிறது. நான் யோசிக்கவில்லை. இன்று காலை ஏசியைக் கழுவ மெக்கானிக் வந்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் பாட்டுக்குத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருக்க, நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்றைக்குப் போட்டுக் காட்ட அழகாக ஒரு படம் எடுப்போம் என்று கன்ட்ரோலை எடுத்தேன். ஒரு நிமிஷப் படம். பச்சையம் சுமக்கும் உருண்டைகள் ஓரமாக அசையாமல் கிடக்க, நடுவே மெல்லிய இழைகளில் சின்னச் சின்னப் புள்ளிகள் சரசரவென்று போகின்றன. பார்க்க எப்போதுமே எனக்கு அலுக்காது. அழகாகத்தான் வந்தது. பழக்க தோஷத்தில் வேகத்தையும் அளந்தேன். நொடிக்கு ஐந்து புள்ளி ஒன்று மைக்ரான். மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு மைக்ரான். கன்ட்ரோல் ஒருநாளும் ஐந்து ஓடியதில்லை. மூன்று புள்ளி எட்டுதான் அதன் வேகம், மூன்று வருஷமாக அதேதான். ஐந்து புள்ளி ஒன்று நம்மளதுடைய எண். தகட்டை மாற்றி எடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று பெயரைப் பார்த்தேன். கன்ட்ரோல்தான். கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. துப்பட்டாவால் துடைத்தேன். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். தேதி, மணி, செடி, எண். முதல் பக்கத்திலிருந்து கன்ட்ரோல் எல்லாம் பத்து, பத்தரை, பதினொன்று. நம்மளது எல்லாம் இரண்டு, இரண்டே கால், இரண்டரை. ஒன்றுகூட மாறவில்லை. கன்ட்ரோலை முதல்ல பாரும்மா, மனசுல ஒண்ணும் இல்லாதப்ப அதைப் பாக்கணும், நம்மளதை முதல்ல பாத்தா கண்ணு ஆசைப்படும் என்று முதல் நாளே சார் சொன்னார். நல்ல பாடம்தான். அவருக்கு அவருடைய சார் சொன்னது. அப்படியே செய்தேன். காலையில் ஏசி ஓடும், இருபத்திரண்டு இருக்கும். இரண்டு மணிக்கு ஏசி நின்று ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும், மேல் தளம், வெயில் நேராக மண்டையில் இறங்கும், முப்பதுக்குக் குறையாது. நானும்தான் மத்தியானத்தில் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நோட்டுப் பக்கத்தில் வேர்வை பட்டு மை கலைந்த இடம்கூட இருக்கிறது. எனக்குச் சுட்டது. செடிக்கும் சுடும் என்று தோன்றவில்லை. ஆறு வருஷம் படித்த மூளைக்கு. சூடு ஏறினால் மயோசின் வேகமாக நடக்கும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். செல்லுக்குள் ஆக்டின் என்ற இழைகள் கயிறு மாதிரி கட்டியிருக்கின்றன, அதன் மேல் மயோசின் இரண்டு கால் வைத்து, முதுகில் சுமையோடு, ஒரு காலை எடுத்து ஒரு காலை வைத்து நடக்கிறது. ஒவ்வொரு எட்டுக்கும் செல்லின் எரிபொருளில் ஒரு துளி செலவு. அது வேதிவினை. சூடு ஏறினால் வினை வேகமாகும். போன செமஸ்டரில் எம்எஸ்ஸி பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் எடுத்தது நான்தான். வெப்பநிலை உயர்ந்தால் தாவரச் செல்லின் உள் ஓட்டம் என்னவாகும், காரணம் கூறுக, ஐந்து மதிப்பெண். எல்லோரும் சரியாக எழுதியிருந்தார்கள். ஒருத்திக்குக் காரணம் போதவில்லை என்று அரை மதிப்பெண் வேறு குறைத்தேன்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. இன்னும் கால் மணி. இருக்கட்டும், ஒருவேளை பாதி சூடு, பாதி உண்மையாக இருக்கலாம். நம்மளதில் மயோசினின் கணுக்காலில் ஒரே ஒரு இடத்தை மாற்றியிருக்கிறோம், எட்டு கொஞ்சம் சீக்கிரம் விழ வேண்டும் என்று. மாற்றினால் வேகம் கூடத்தானே வேண்டும். கூட வேண்டும் என்பது வேறு, கூடியது என்பது வேறு, தெரியும். ஆனால் ஒரு பத்து சதவீதமாவது, ஐந்து சதவீதமாவது இருந்தால் எழுதியதைத் திருத்தி, எண்ணைக் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம். பார், பேரம் பேசுகிறேன். யாரிடம் பேசுகிறேன், டப்பாவுக்குள் கிடக்கிற தண்டிடமா. மார்கழியில் எடுத்த பன்னிரண்டு தகட்டில் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அப்போது என்ன சொன்னோம்? இந்த விதைக் கூட்டம் சரியில்லை என்றோம். அந்தப் பன்னிரண்டையும் தள்ளிவிட்டுப் புது விதை போட்டோம். மாசி பங்குனியில் புது விதை பிரமாதமாக ஓடியது. சார் தட்டிக்கொடுத்தார். விதையாம் விதை. மார்கழியில் மத்தியானமும் இந்த அறை குளுகுளுவென்று இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் உயரம். மயோசின் வேகமாகச் சுமந்தால் செல் பெரிதாகி, செடி உயரமாக வளர வேண்டும். வளரவில்லை. கன்ட்ரோலும் நம்மளதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. செடி அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது, நாங்கள்தான் கேட்கவில்லை. அதற்கு நான்காம் அத்தியாயத்தில் மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். ஒரே செடியில் பலவகை மயோசின் உண்டு, ஒன்று ஓடினால் மற்றது நிதானிக்கும், ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும் என்று. வாசித்தால் நன்றாகவே இருக்கும். என் எழுத்திலேயே நான் மிகவும் ரசித்த பகுதி அதுதான். இல்லாத ஒன்றுக்கு அத்தனை நேர்த்தியாகக் காரணம் சொல்லியிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

போன் அதிர்ந்தது. சார். "பொற்கொடி, பைண்டிங்லேருந்து வந்துருச்சாம்மா?" வந்துருச்சு சார், அஞ்சு காப்பியும் என்றேன். "எழுத்து நல்லா விழுந்திருக்கா? போன தடவை ஒரு பையனுக்கு முதுகுல பேரைத் தலைகீழாப் போட்டுட்டான்." நல்லா விழுந்திருக்கு சார். தங்க எழுத்தில் என் பெயர், கீழே வழிகாட்டி பேராசிரியர் என்று அவர் பெயர். இந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அவர் கையெழுத்தில் வெளியே போகிற கடைசி ஆய்வேடு இது. அதற்குப் பிறகு கொடுத்தால் வேறு வழிகாட்டி தேட வேண்டும், வேறு தலைப்பு, வேறு செடி, யார் எடுத்துக்கொள்வார்கள் முப்பத்தைந்து வயதுக்காரியை. ஜூனில் சேரச் சொன்ன கல்லூரியும் பட்டம் வந்தால் வாங்க என்றுதான் சொல்லியிருக்கிறது. "அப்ப நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆபீஸ்ல கொடுத்துரலாம். நல்ல நேரமாம், வீட்டுல பாத்துச் சொன்னாங்க." சார், சாப்பிட்டதும் ஒரு தடவை மைக்ராஸ்கோப் ரூமுக்கு வந்துட்டுப் போறீங்களா? "ஏம்மா, ஏதாச்சும் ரிப்பேரா?" இல்லை சார், ரெண்டு தகடு இருக்கு, நீங்க ஒரு வாட்டி எண்ணிப் பாத்தா நல்லாருக்கும். எதிர்ப்பக்கம் அவர் முகம் மலர்ந்ததைக் குரலிலேயே கேட்டேன். "வரேன் வரேன். நான் எண்ணி எவ்வளவு நாளாச்சு." வைத்துவிட்டார். ஏன் கூப்பிட்டேன். நானே எண்ணியிருக்கலாம். நானே எண்ணினால், கண் ஆசைப்படும். அதற்காகத்தான் கூப்பிட்டேன். பொய், தனியாக அந்த எண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லை, அதற்காகத்தான் கூப்பிட்டேன்.

ஒன்று ஐந்து. இன்னும் நேரம் இருக்கிறது. எழுந்து சுவிட்சைத் தட்டினால் ஏசி நின்றுவிடும். பவுன்ராஜ் அண்ணனுக்கும் நிம்மதி. டப்பாவில் இருப்பதைக் குப்பையில் போட்டுவிட்டு, சார் வந்தால் செல் தெளியவில்லை சார், இன்னொரு நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிடலாம். புளிசாதம் வைத்திருக்கிறேன். நோட்டில் மணி இருக்கிறது, சூடு இல்லை. எந்தத் தேர்வாளரும் ஏம்மா, உன் ஏசி எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேட்கப் போவதில்லை. நாளைக்குப் பத்து மணி, ஜூனில் வேலை. செடிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது என்னைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது. விலங்குகளின் செல்லில் டைனீன் என்று இன்னொரு சுமையாள் உண்டு, பூக்கும் செடிகள் அதை என்றோ தொலைத்துவிட்டு, மயோசினையும் கைனசின் என்ற மற்றொரு சுமையாளையும் வைத்தே காலத்தை ஓட்டுகின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது நடுவில் சுவர் எழும்ப வேண்டிய இடத்துக்குச் சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பதும் கைனசின்தான். ஒன்று இல்லாவிட்டாலும் இருப்பதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும் ஜாதி. நானும் பிழைத்துக்கொள்ளலாம். ஐந்து வருஷம் கழித்து ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பெண் என் கட்டுரையைப் படித்துவிட்டு, அதே மாற்றத்தைச் செய்து, நல்ல ஏசி உள்ள அறையில் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பாள். வேகம் வராது. தன் கைதான் சரியில்லை என்று நினைப்பாள். மறுபடி எண்ணுவாள். அவளுக்கும் அரை மணி அரை மணியாகப் போகும். விதை சரியில்லை என்று விதையை மாற்றுவாள். வீட்டில் புருஷன் இன்னும் எவ்வளவு நாள்தான் என்று கேட்பான், என்னுடையவர் கேட்டது போல, கோபமில்லாமல், அதுதான் இன்னும் கஷ்டம். முன்பின் தெரியாத அவள் மேல் எனக்கு இப்போதே இரக்கமாக இருக்கிறது. என் மேல் அவ்வளவு வரவில்லை. சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில் சிவப்பாக எரிகிறது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். ஒன்று எட்டு. ஒன்று ஒன்பது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே சார் உள்ளே வந்தார். "என்னம்மா, இப்படிக் குளிருது? பவுன்ராஜ் மறந்துட்டானா?" நான்தான் நிறுத்த வேண்டாம்னு சொன்னேன் சார், கதவைச் சாத்திருங்க என்றேன். சாத்தினார். எது எதுன்னு கேக்காம எண்ணுங்க சார், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். "எனக்கேவா பரீட்சை?" என்று சிரித்துக்கொண்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அ என்று ஒட்டிய தகட்டை வைத்து ஒரு நிமிஷம் படம் எடுத்தேன். தெளிந்துவிட்டது, ஓடுகிறது. திரையில் ஒரு புள்ளியைப் பிடித்து, நொடிக்கு நொடி அது போகிற இடத்தில் அம்பை வைத்து அழுத்த வேண்டும், இருபது புள்ளிக்கு. அவர் ஒவ்வொன்றுக்கும் உதட்டை அசைத்து எண்ணினார். நான் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன், இருபத்திரண்டு, இருபத்திரண்டு. மூணு புள்ளி ஒம்போது என்றார். சரி. ஒன்று தெரிந்துவிட்டது, இது கன்ட்ரோல், அடுத்தது ஐந்து வரட்டும், ஐந்து வேண்டாம், நாலரை, நான்கு புள்ளி மூன்று வந்தால்கூடப் போதும். ஆ-வை வைத்தேன். மூடி ஓரத்தில் காற்றுக்குமிழி இருந்தது, அதைத் தள்ளிவிட்டுப் படம் எடுத்தேன். சார் எண்ணினார். முதல் ஐந்து புள்ளி. பத்து. அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்தேன். பதினைந்து. மூணு புள்ளி எட்டு என்றார். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பு மட்டும் ஜுரம் விட்ட மாதிரி லேசானது. அவர் சந்தோஷமாக நாற்காலியைத் திருப்பினார். "ரெண்டும் நல்லா ஆரோக்கியமா ஓடுதும்மா. சரி, இதுல நம்மளது எது?"

எனக்கும் தெரியாது சார் என்றேன். பவுன்ராஜ் அண்ணனைத்தான் கேக்கணும். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்தார். திரும்பித் திரையில் இருந்த இரண்டு எண்களைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி ஏசியைப் பார்த்தார், வெகுநேரம். கன்ட்ரோல் எல்லாம் காலையில எடுத்தது சார், நம்மளது எல்லாம் இது நின்ன பிறகு எடுத்தது, நோட்டு பூரா அப்படித்தான் இருக்கு, நாளைக்கு நான் கொடுக்கலை சார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கொடுக்க வேண்டாம்," என்றார். பிறகு என்னிடம் இல்லாமல் அந்த இரண்டு எண்களிடம் சொல்வது போலச் சொன்னார். "நானும் என் ஆய்வேட்டுக்கு இப்படித்தாம்மா பண்ணேன். காலையில கன்ட்ரோல், மத்தியானம் மத்தது. இதே ரூம், இதே வெயில்தான். அப்ப இங்க ஏசியே கிடையாது."